துளசிமணியின் கை

மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் இயந்திரக் கை, துளசிமணி வேலை செய்வதைப் பார்த்துப் பழகியது. அவள் வேகம், அவள் நேர்த்தி, எல்லாம் அப்படியே வந்துவிட்டது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது. பதினோரு மணியானால் கை நின்றுவிடும்; அது பழகிய நாட்களில் அவள் டீக்கு நிறுத்தும் நேரம் அது. செலவைக் குறைக்க டீ நேரத்தையே நிறுத்தி மாதங்கள் ஆகியிருந்தன. அதைக் கைக்கு யாரும் சொல்லவில்லை.

"புதுசா பழக்கறதுக்கெல்லாம் பட்ஜெட் இல்லம்மா. இருக்கறத வச்சு ஏதாச்சும் பண்ணுங்க" என்றார் மேனேஜர்.

இன்ஜினியர் நசீமா ஒரு டம்ளர் டீயை அதன் முன்னால் வைத்துப் பார்த்தாள். கை டம்ளரை எடுத்தது, பிடித்தபடியே நின்றது.

"டீயும் குடுத்தாச்சு, இன்னும் என்னக்கா வேணுமாம்?"

துளசிமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாருக்கும் டீ வராம நான் என்னிக்கு கண்ணு குடிச்சிருக்கேன்?"

நசீமா கேன்டீனுக்கு ஓடினாள். கேன் நிறைய டீ வந்தது. ஆளுக்கொரு டம்ளர் போய்ச் சேர்ந்தது. அப்போதும் கை அசையவில்லை. மேனேஜர் மட்டும் வெறுங்கையோடு நின்றிருந்தார்.

துளசிமணி அவரிடம் ஒரு டம்ளரை நீட்டினாள். "குடிங்க சார், அது உங்களுக்காகத்தான் நிக்குதுங்க."

அவர் ஒரு வாய் உறிஞ்சினார். கை டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றத் தொடங்கியது.

மறுநாள் பதினோரு மணிக்கு டீ பெல் அடித்தது. அடித்தவர் மேனேஜர்.