குழியோரத்து மண்

காற்றில் கரியமில வாயுவாக இருக்கும் கரியை மரங்கள் உறிஞ்சட்டும் என்று மலையுச்சிப் புல்வெளியில் மரம் நடும் விழா. ஜேசிபி தோண்டிப்போட்ட கன்னங்கரிய மண் ஒரு வாரமாகக் குழியோரம் காய்ந்துகிடந்தது.

"காத்துல இருந்த கரியத்தான் சார் இந்தப் புல்லு காலங்காலமா மண்ணுக்குள்ள சேத்து வச்சிருக்கு. தோண்டினா திரும்பக் காத்துக்கே போயிடும்" என்றாள் மண் ஆராய்ச்சியாளர் ஹெலன்.

"புல்லு அதுவா முளைச்சதும்மா. அதுக்கு யாரு வந்து கைதட்டுவா?" அதிகாரி முதல் கன்றை அவளிடமே நீட்டினார். அவளைப் பணிநிரந்தரம் செய்யும் கோப்பு அவர் மேசையில் இருந்தது. வாங்கிக்கொண்டாள்.

புகைப்படக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். "மேடம், உங்க பின்னால என்னமோ புகையுதே?"

திரும்பிப் பார்த்தாள். எங்கும் தீ இல்லை. குழியோரத்து மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போனது.

"பரவால்ல மேடம், அதை அப்புறம் படத்துலேர்ந்து அழிச்சுக்கலாம். நீங்க கொஞ்சம் சிரிங்க."