துரியானுக்குப் பதினான்கு ஃபேன்

லம்துவன் பெரியம்மாவின் நாய்க்குக் கோயில் மண்டபத்தில் மூன்று நாள் இறுதிச் சடங்கு என்று ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது.

போன வாரம்தான் அராயா டீச்சர் வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தார். பால்வாடியில் இருந்த ஒரே ஃபேன் நின்றுபோய் இரண்டு மாதம். மார்ச் வெயிலில் பிள்ளைகளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. மத்தியானம் ஒன்றுகூடத் தூங்குவதில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் இரண்டு ஃபேன் வாங்கிவிடலாம் என்று கேட்டார்.

ஊர்த் தலைவர் சாம்ரான், மேலே எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னார். அரிசி மில் கிட்டி, தன் பிள்ளைகள் எல்லாம் எப்போதோ வளர்ந்துவிட்டார்கள் என்றார். என் மகனும் அங்கேதான் போகிறான்; நான் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். நூடுல்ஸ் கடை லம்துவன் பெரியம்மாவோ, "எங்கிட்ட ஏதும்மா" என்று கையை விரித்துவிட்டார்.

விரித்த கைக்கு நாய்ச் சடங்குக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

அதுவும் எந்த நாய்? துரியான். ஊரில் அது தூக்கிக்கொண்டு போகாத செருப்பு கிடையாது. தலைவர் வீட்டில் முன்னோர்களுக்குப் படைத்த கோழியை முழுசாகக் கவ்விக்கொண்டு ஓடியதும் அதுதான். ஒரு வாரமாகக் கண்ணில் படவில்லையே என்று நிம்மதியாக இருந்தோம்.

"நம்மள விட்டுட்டுப் போயிருச்சு," என்று பெரியம்மா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரும் வந்துருங்க. பூ வேணாம், ஃபேனா வைங்க. பேரை மட்டும் பெருசா எழுதிருங்க. காலையிலயும் சாயங்காலமும் மைக்குல வாசிப்பாங்க."

எங்கள் பக்கம் இப்போதெல்லாம் சாவு வீட்டுக்கு மலர்வளையம் போவதில்லை. ஃபேனில் ரிப்பன் கட்டிப் பெயர் எழுதி வைத்துவிடுகிறோம். பூ என்றால் மறுநாள் குப்பைக்குப் போகும். ஃபேன் என்றால் கோயிலுக்குப் போகும்.

முதல் நாள் ஈ காக்கை இல்லை. அரிசி மில் கிட்டி மட்டும் ஒரு ஃபேன் அனுப்பியிருந்தார். தலைவர் தேர்தலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது, அவர் நிற்கிறார்.

மறுநாள் காலை அவர் பெயர் ஒலிபெருக்கியில் நான்கு தெருவுக்கும் கேட்டது. பத்து மணிக்கெல்லாம் தலைவர் சாம்ரான், கிட்டியுடையதைவிட ஒரு சாண் உயரமான ஃபேனோடு வந்து இறங்கினார்.

அதற்குப் பிறகு சும்மா இருக்க யாருக்கு மனசு வரும்? துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது என் நாத்தனார் பெயரை வாசித்தார்கள், மேசை ஃபேனாம். நான் சாயங்காலமே போய் நிற்கிற ஃபேனாக ஒன்று வாங்கி வைத்தேன்.

மூன்றாம் நாள் மண்டபத்தில் உட்கார இடமில்லை. பெரியம்மா கடையை மூடிவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். நடுவில் ஆணி அடித்த பெட்டி. அதன்மேல் மாலை போட்ட படத்தில் துரியான் நாக்கைத் தொங்கவிட்டிருந்தது.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "துரியான் எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி. எங்க வீட்டுக்கு வந்தா சாப்பிடாம போனதே இல்ல."

கிட்டி பேசவில்லை. ஆனால் தலைவரைவிட நன்றாக அழுதார்.

கடைசியில் பெரிய பிக்கு மந்திரம் ஓதி முடித்து, பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். "இதுக்குள்ள இருக்கறது பதினோரு வருஷம் பிள்ளைங்களுக்காக ஓயாம உழைச்சது. இனியாவது அது நிம்மதியா கிடக்கட்டும்."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். துரியானுக்கு வயது நாலு. உழைத்து யாரும் பார்த்ததில்லை.

"சாமிக்கும் வயசாயிருச்சு, பாவம்," என்றாள் நாத்தனார் என் காதில்.

பெட்டியைக் கோயிலுக்குப் பின்னால் புதைத்தோம். ஃபேன் மொத்தம் பதினான்கு சேர்ந்திருந்தது. கோயிலில் வைக்க இடமில்லை என்று பெரிய பிக்கு அன்று சாயங்காலமே அத்தனையையும் பால்வாடிக்கு அனுப்பிவிட்டார். இப்போது பிள்ளைகளைத் தூங்கவைப்பது கஷ்டமில்லை, எழுப்புவதுதான் கஷ்டம் என்கிறார் டீச்சர்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் என் செருப்பில் ஒன்றைக் காணோம். தேடிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். நன்றாகக் கொழுத்துப்போய், வாயில் என் செருப்போடு நின்றுகொண்டிருந்தது துரியான்.

ஒற்றைச் செருப்போடு நூடுல்ஸ் கடைக்கு ஓடினேன்.

"பெரியம்மா, துரியான் தெருவுல நிக்குது."

"ஆமா, நேத்துதான் வந்துச்சு. தங்கச்சி வீட்டுல விட்டிருந்தேன். இருபது நாளா தின்னுட்டு எப்படி ஊதிருக்குன்னு பாரு." பெரியம்மா அண்டாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப நாம அழுது பொதைச்சமே, அந்தப் பெட்டியில என்ன இருந்துச்சு?"

பெரியம்மா கரண்டியைத் தட்டி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பால்வாடி ஃபேனு. அதுவும் செத்து ரெண்டு மாசமா கெடந்துச்சு. உங்கள்ல ஒருத்தர்கூட துக்கம் கேக்க வரலியேம்மா."