பதினாறு ஜிபி கட்டாயம்

மருத்துவமனைக் கணினிகளை இணையத்தோடு இணைக்கும் கேட்வே மென்பொருளை நிறுவ உட்கார்ந்த இன்ஜினியருக்கு மூன்றாவது முறையும் அதே பதில்தான் வந்தது: 'பதினாறு ஜிபி மெமரி தேவை.' சர்வரில் இருந்ததோ எட்டு. சீட்டுப் பதிய முடியாமல் நோயாளிகளின் வரிசை வாசலைத் தாண்டியது.

கடுப்போடு மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"எட்டே தாராளமாப் போதும்மா! அந்தத் தடையை மட்டும் எடுத்துவிடுங்க."

"முடியாது சார். யார் கெஞ்சினாலும் குறைக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"எந்தப் புத்திசாலி போட்ட உத்தரவு அது?"

மறுமுனையில் பேசிய பெண்ணுக்கு இப்போது அவர் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீங்கதான் சார். போன வருஷம் இங்கே மேனேஜரா இருந்தப்போ, 'எட்டு போதும், ஆனா நமக்குப் புகார் வரக் கூடாது, இரட்டிப்பாப் போடு'ன்னு சொன்னீங்களே!"

இன்ஜினியர் போனை வைத்துவிட்டு, மெமரி வாங்கக் கடைக்கு ஓடினார்.