இருபத்துநான்கு சியோபாவும் ஒரு சம்பந்தமும்

"அடியில வெடிச்சுப்போச்சு பாரு! இதைச் சம்பந்தி முன்னால வைக்கிறதுக்கு, நான் கல்யாணத்தையே நிறுத்திடுறேன்."

சொன்னவர் கிரிசாந்தோ பெலார்மினோ, நபுவா ஊரின் ஓய்வுபெற்ற பத்திரப் பதிவாளர். அப்போது சமையலறையில் இருந்தவர்கள் அவர், அவர் மனைவி ஃபெலிசா, ஃபெலிசாவின் தம்பி அர்னுல்போ, ஆக மூன்று பேர். கல்யாணப் பெண் லிசல் ரியாத்தில் நர்ஸ். மாப்பிள்ளை ஜோமருக்கும் அங்கேயேதான் வேலை. ஆகவே பெண் கேட்க, அவனைப் பெற்றவர்கள் மட்டும் ஊர்த் திருவிழா அன்று மதியம் சொர்சொகோனிலிருந்து வருவதாக ஏற்பாடு.

வருகிறவர்கள் மூன்று தலைமுறையாக பேக்கரி வைத்திருப்பவர்கள். அவர்கள் சுடும், உள்ளே கறி வைத்த மொறுமொறு சியோபாவ் ரொட்டிக்காக பஸ்களே நின்று போகும் என்று லிசல் போனில் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அன்றோடு கிரிசாந்தோவுக்குத் தூக்கம் போயிற்று. பெலார்மினோ வீட்டுப் பெண் ஒரு ரொட்டிக் கடைக்குப் போவதா? போகட்டும். ஆனால் அதற்கு முன்பு அந்த ரொட்டிக் கடைக்காரர் இந்த வீட்டு சியோபாவைத் தின்றுவிட்டுத் தலை குனிய வேண்டும்.

"பேசாம கடைத்தெருவுல வாங்கிடலாம்ங்க" என்றாள் ஃபெலிசா.

"கடைச் சரக்கைக் கடைக்காரன்கிட்டயே நீட்டுறதா? மானம் போயிடும்."

"நாம மட்டும் என்னைக்கு சியோபாவ் சுட்டோம்?"

"மூணு நாளா சுடுறோமே" என்றான் அர்னுல்போ. "வெடிச்சதையெல்லாம் நான்தான் தின்னுட்டிருக்கேன், அத்தான். சட்டைப் பட்டன் மாட்ட முடியல. எனக்கும் ஒரு கல்யாணம் ஆக வேணாமா?"

ஃபெலிசா உருண்டையைப் பிளந்து பார்த்தாள். பன்றிக்கறியிலிருந்து ஆவி வந்தது.

"கறியைச் சூடாவே வச்சு மூடினா மாவு வெடிக்காம என்ன செய்யும்? ஆறட்டும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?"

கிரிசாந்தோ கறிச் சட்டியை ஜன்னலோரம் கொண்டுபோய் ஆற வைத்தார். தோற்றதை ஒப்புக்கொள்ளும் வேலையை அவர் எப்போதும் கைகளிடம் விட்டுவிடுவார். கறி ஆறியது. உப்பிட்ட வாத்து முட்டை உருண்டைக்கு ஒரு துண்டாக உள்ளே போயிற்று. ஒரு மணிக்கு இருபத்துநான்கு சியோபாவ்களும் அடுப்பிலிருந்து பொன்னிறமாக வெளியே வந்தன. விரலால் தட்டினால் 'டொக்' என்றன.

தெருவில் பேண்டு வாத்தியம் போய்க்கொண்டிருந்தது. எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்து கிடந்தன. பெலார்மினோ வீட்டு வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். மீசை வைத்த ஒரு பெருத்த மனிதர், அவர் மனைவி, ஒரு வயதான அம்மாள்.

"வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம்!"

"அட, எங்களுக்காகவா?" என்று மீசைக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

அர்னுல்போ காதருகே வந்தான். "அத்தான், லிசல் அனுப்பின போட்டோவுல அவருக்கு மீசை இல்லையே?"

"ஏன், மீசை வளராதா? போய் சோடா எடுத்துட்டு வா."

மீசைக்காரர் ஒரு சியோபாவை எடுத்துக் கடித்தார். மொறுக்கென்று சத்தம் கேட்டது. கிரிசாந்தோ நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் ஆயுசுல இப்படி ஒரு சியோபாவ் தின்னதில்லீங்க."

"கடையில சுடுறது..?"

"கடையில சுடுறதெல்லாம் இதுக்குக் கிட்ட நிக்குமா!"

கிரிசாந்தோ மனைவியைப் பார்த்தார். மூன்று தலைமுறை மண்டியிட்டுவிட்டது. இனி நிபந்தனைகள்.

"கல்யாணம் எங்க ஊர் சர்ச்லதான்."

"நல்ல சர்ச்சாச்சே" என்றார் மீசைக்காரர், மூன்றாவதை எடுத்தபடி.

"விருந்துக்கு மூணு பன்றி சுடணும். செலவு மாப்பிள்ளை வீட்டோடது."

"அதானே முறை" என்றாள் அவர் மனைவி.

"என் பொண்ணு ரொட்டிக் கடையில மாவு பிசைய மாட்டா."

"அய்யோ பாவம், அந்தப் பொண்ணு எதுக்குப் பிசையணும்?" என்று வயதான அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிளகு கடித்திருந்தாள்.

பதினொன்று தீர்ந்தன. மிச்சம் பதின்மூன்றைப் பொட்டலம் கட்ட ஃபெலிசா காகிதம் தேடினாள்.

"பை நானே கொண்டாந்திருக்கேன்மா" என்றாள் அம்மாள்.

வாசலில் மீசைக்காரர் கிரிசாந்தோவின் கையை இறுகப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு. அடுத்த வருஷமும் வர்றோம்."

"அடுத்த வருஷமா? கல்யாணம் ஜனவரியிலங்க!"

"அப்ப ஜனவரியிலயும் வர்றோம்."

கிரிசாந்தோ நிமிர்ந்த முதுகோடு உள்ளே வந்தார். "பாத்தியா ஃபெலிசா? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினானா? நம்ம குடும்பப் பேரு அப்படி!"

பேக்கரிக்காரர்கள் அன்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, சியோபாவைப் பையில் கட்டிக்கொண்டு போனார்கள் என்று நபுவாவில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. பேக்கரிக்காரர்களின் வண்டி வழியில் பொலங்கியில் பழுதாகி நின்றதால் அவர்கள் வந்து சேரும்போது மாலை ஐந்து மணி. மதியம் சாப்பிட்டுப் போனவர்கள் யார் என்பது பெலார்மினோ குடும்பத்துக்கு இன்றுவரை தெரியாது. திருவிழா நாளில் யார் வீட்டிலும் யாரும் நுழைந்து சாப்பிடலாம்; வந்தவரை யார் என்று கேட்பது மரியாதையில்லை.