ஒரு பிடி எள்ளு பெல்லா

மர்பி டவுனில் இந்தப் பள்ளியின் இரண்டாம் வகுப்புக்கு வந்து பாருங்கள். அன்பின் பெயரால் இங்கே ஓர் அநீதி நடக்கிறது. நாளை சங்கராந்தி. சன்னல் வெயிலில் எவர்சில்வர் டப்பா மின்னுகிறது. எள்ளும் வெல்லமும் கொப்பரையும் வறுத்த வேர்க்கடலையும் கலந்த எள்ளு பெல்லாவை வீணா டீச்சர் கரண்டியால் அள்ளி ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் இடுகிறார். தாரணி மட்டும் கையை நீட்டவில்லை. "கடலை தின்னா எனக்கு மூச்சு அடைச்சிடும், மிஸ்." "ஒரே ஒரு வாய், புட்டி. பண்டிகைக்குக் குடுத்தா வேணாங்கக் கூடாது" என்று சின்னப் பெண்ணைக் கன்னடத்தில் கொஞ்சும் சொல்லால் அழைக்கிறார் டீச்சர். பின் பெஞ்சிலிருந்து முகேஷ் சொல்கிறான்: "சும்மா பிகு பண்றா மிஸ்." வகுப்பு சிரிக்கிறது. பெரியவர்கள் கொடுப்பதை மறுக்காதே என்று சொன்ன அம்மாதான் கடலையைத் தொடாதே என்றும் சொல்லியிருக்கிறாள். போன வருடம் ஆஸ்பத்திரியில் மாட்டிய ஆக்சிஜன் மாஸ்க்கின் ரப்பர் வாசனை தாரணிக்கு நினைவு வருகிறது. கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்து, உதடுகளை இறுக மூடிக்கொள்கிறாள். கரண்டி அவள் முகத்துக்கு நேரே நிற்கிறது. அவளுக்குக் கடலை ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதம் ஜூன் மாதம் முதல் ஆபீஸ் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. வீணா டீச்சருக்கு அதை எவரும் காட்டவில்லை. மூடிய உதடுகளைத் தவிர இந்த ஏழு வயதுச் சிறுமிக்கு இங்கே வேறு காவல் இல்லை. பெற்றோரே, உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்குப் போங்கள். அத்தகைய கடிதங்களைப் பீரோவிலிருந்து எடுத்து வகுப்பு ஆசிரியரின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்கும் வரை அங்கிருந்து நகராதீர்கள்.