ஆறாம் லயத்து ஏற்றம்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து அம்மன் ஊர்வலம் போவது ஒரு பழைய பிக்கப் வண்டியில். வருடா வருடம் அது, தொழிலாளர் வீடுகள் வரிசையாய் இருக்கும் ஆறாம் லயத்து ஏற்றத்தில் நின்றுவிடும். “அம்மா நமக்காகத்தான் நிக்கிறா” என்று அந்த லயத்தார் அர்ச்சனைத் தட்டோடு ஓடி வருவார்கள். கோயில் பூசை பிந்திப்போகும்.

இந்த வருடம் கோயில் தலைவர் அழகையா, பதுளையிலிருந்து மெக்கானிக் யோகராஜைக் கூட்டிவந்தார்.

“பெட்ரோல் டேங்கு, பைப்பு, பம்பு எல்லாமே புதுசா மாத்திட்டேங்க. கரண்டுல ஓடுற பம்பு.”

“ஏத்தத்துல நிக்காதே?”

“நிக்காதுங்க. சந்தேகமா இருந்தா அன்னைக்கு நானே ஓட்டுறேன்.”

ஊர்வலத்தன்று யோகராஜ் ஓட்ட, வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. ஆறாம் லயத்தார் முகம் வாடி நின்றார்கள். சரியாக அவர்கள் முன்னால் என்ஜின் அணைந்தது.

“என்ன தம்பி இது?” என்று தலைவர் கத்தினார்.

யோகராஜ் கைகூப்பினான். “பம்புல ஒரு பிழையும் இல்லீங்க. அம்மா நிக்கணும்னு நெனச்சா நான் என்ன செய்ய?”

தலைவரே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆறாம் லயத்து இராக்கம்மா முதல் ஆளாகத் தட்டோடு வந்து, ஜன்னல் பக்கம் குனிந்து கிசுகிசுத்தாள்:

“சொன்னபடியே நிப்பாட்டிட்டீங்க. நாளைக்கே பொண்ணு கேட்டு வாங்க, மருமகனே!”