மதில் மறைத்த கடல்

நடுப்பகல் வெயிலில் குன்றுச்சியின் கோட்டை மதில் வெள்ளையாகக் கண்ணைக் குத்துகிறது. இந்தத் தீவை ரியூக்யு அரசர்கள் ஆண்ட காலத்தில் ஊர்ச்சனம் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றிய கற்கள். இன்று அதே ஊர்ப் பெண்கள் அதேபோல் நின்று அவற்றைக் கீழே இறக்குகிறார்கள். விமானத்தளம் போடக் கல் வேண்டுமாம், பட்டாளத்து உத்தரவு. வரிசையில் நிற்கும் உஷியின் கைக்கு வரும் ஒவ்வொரு கல்லின் அடியிலும் வெயிலே பார்க்காத ஈரம். வாங்கும்போதெல்லாம் அவள் உதடு அசைகிறது. "கல்லுகிட்ட என்னடி முணுமுணுப்பு?" என்கிறாள் ஒரு படி மேலே நிற்கும் நாத்தனார் கமடோ. "மன்னிப்புக் கேக்குறேன் அண்ணி." "ஒவ்வொண்ணுகிட்டயுமா? அதுக்குள்ள சண்டையே முடிஞ்சிடும், போ!" வரிசை முழுக்கச் சிரிப்பு. உச்சியில் கடப்பாரை நெம்புகிறது; மதிலின் மிச்சமும் பொலபொலவென்று சரிகிறது. புழுதி அடங்கியதும் கமடோ நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். "அடியே, கடல் தெரியுதுடி! இங்கேருந்து கடலைப் பாத்ததே இல்லையே!" மதில் நின்ற இடத்தில் அடிவானம்வரை நீலம். இன்றைக்கு எதிரிக் கப்பல் ஒன்றும் இல்லை. உஷி திரும்பிக் கீழே பார்க்கிறாள்: அவள் வீட்டுச் சிவப்பு ஓடு, கொடியில் குழந்தையின் சட்டை. "அண்ணி, கடல்லேருந்து பாத்தா நம்ம வீடும் தெரியும்ல?" கமடோ சிரிக்கவில்லை. அடுத்த கல்லை நீட்டுகிறாள்.